பீர் பாட்டிலில் ஒட்டியிருக்கும் தங்கப் பதக்கத்துக்கு என்ன பொருள்?

கேள்வி இது: “வெளிநாட்டிலிருந்து நண்பர் கொண்டுவந்த பீர் பாட்டிலின் லேபிளில் வரிசையாக நாலு தங்கப் பதக்கப் படங்கள். பீருக்கெல்லாம் உலக அளவில் போட்டி நடக்கிறதா? யார் நடத்துகிறார்கள், யார் குடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள்? தங்கம் வாங்கிய பீர்தான் உலகத்திலேயே நல்ல பீரா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. “மிகச் சுவையான பீர்” என்பதற்காக எந்த நல்ல போட்டியிலும் தங்கம் கொடுப்பதில்லை. விண்ணப்பத்தில் தன்னை என்ன வகை என்று எழுதிக்கொண்டு வந்ததோ, அந்த வகையாகவே, குறையில்லாமல், அன்றைக்கு அந்த மேசையில் இருந்த பீருக்குத்தான் பதக்கம். இந்த வித்தியாசம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். பிடிபட எனக்கே கொஞ்ச காலமும் ஓர் அவமானமும் தேவைப்பட்டன. அதைப் பிறகு சொல்கிறேன்.

போட்டிகள் பல இருக்கின்றன. அமெரிக்காவின் உலக பீர் கோப்பை, ஜெர்மனியின் யூரோப்பியன் பீர் ஸ்டார், பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் பீர் சேலஞ்ச், மெல்போர்னில் நடக்கும் ஆஸ்திரேலிய சர்வதேச பீர் விருதுகள், லண்டனிலிருந்து நடத்தப்படும் உலக பீர் விருதுகள், இங்கிலாந்தின் பர்ட்டன் நகரோடு சேர்த்துப் பேசப்படும் சர்வதேச பீர் வடிப்பு விருதுகள். கடைசியாகச் சொன்னதன் வேர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் நடந்த பீர்த் தொழில் கண்காட்சிகளில் இருக்கிறது. அங்கே தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே நடுவர்கள். “இதை விற்க முடியுமா?” என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

இவற்றில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், உலக பீர் கோப்பையை. அளவில் பெரியது, விதிகள் வெளிப்படையானவை, பதக்கம் வாங்குவதும் கடினம்.

இதன் கதை ஒரு பள்ளி ஆசிரியரிடம் தொடங்குகிறது. சார்லி பப்பாசியன் படித்தது அணுப் பொறியியல், கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் பார்த்தது வாத்தியார் வேலை, மாலையில் ஊராருக்குச் சொல்லிக்கொடுத்தது வீட்டிலேயே பீர் வடிப்பது. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் நீங்கியபோது வீட்டில் ஒயின் செய்ய வழி பிறந்தது, பீருக்குப் பிறக்கவில்லை. 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதைச் சரிசெய்தது. அதே ஆண்டு பப்பாசியனும் நண்பர்களும் அமெரிக்க வீட்டு பீர் வடிப்போர் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1982இல் போல்டரில் அமெரிக்காவின் பெரும் பீர் விழா. அது இன்றும் நடக்கிறது, ஆனால் அமெரிக்க ஆலைகளுக்கு மட்டும். உலகம் முழுவதற்கும் கதவு திறந்த போட்டியாக 1996இல் உலக பீர் கோப்பை வந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடந்துவந்தது. 2014இல் டென்வர், 2016இல் ஃபிலடெல்ஃபியா, 2018இல் நாஷ்வில். 2020இல் கொரோனாவால் நடக்கவில்லை. 2022இல் மினியாப்பொலிஸில் மீண்டும் தொடங்கியபோது ஆண்டுதோறும் என்று மாற்றிவிட்டார்கள். நடத்துவது போல்டரில் தலைமையகம் உள்ள பீர் வடிப்போர் சங்கம், அதாவது சிறிய, தனியார் ஆலைகளின் கூட்டமைப்பு.

2022 கணக்கைப் பாருங்கள். 57 நாடுகளிலிருந்து 2,493 ஆலைகள் 10,542 பீர்களை அனுப்பின. வகைகள் 103. வகைக்கு ஒரு தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம், ஆக மொத்தம் 309 பதக்கத்துக்கு மேல் போகவே முடியாது. வந்ததில் நூற்றுக்கு மூன்றுக்குத்தான் ஏதோ ஒரு பதக்கம். தகுதியில்லை என்று தோன்றினால் நடுவர்கள் தங்கத்தையே கொடுக்காமல் வெள்ளியிலிருந்து தொடங்கலாம். கலந்துகொண்டவர்களுக்கு ஆறுதல் பரிசு என்ற பேச்சே அங்கே கிடையாது.

இப்போது “வகை” என்ற சொல்லுக்கு வருகிறேன். எல்லாமே அதில்தான் இருக்கிறது.

நம்மூர்க் கடையில் பீருக்கு இரண்டே வகை, ஸ்ட்ராங் என்றும் ஸ்ட்ராங் அல்லாதது என்றும். இந்தப் போட்டியில் நூற்றுக்கு மேல். பவேரியக் கோதுமை பீர், செக் நாட்டு பில்ஸ்னர், ஸ்டவுட் எனப்படும் அயர்லாந்துக் கறுப்பு பீர், பெல்ஜியத்தின் புளிப்பு பீர், மரப்பீப்பாயில் ஊறியது, காப்பி சேர்த்தது, மிளகாய் சேர்த்தது என்று போகும். ஒவ்வொன்றுக்கும் நிறம் எவ்வளவு, கசப்பு எத்தனை அலகு, ஆல்கஹால் எத்தனை சதவீதம், என்ன மணம் இருக்கலாம், என்ன மணம் இருக்கவே கூடாது என்று எழுதிய இலக்கணம் உண்டு. அதை ஆண்டுதோறும் திருத்துகிறார்கள். கலங்கலாக, பழச்சாறு போல இருக்கும் ஐபிஏ (இந்தியா பேல் ஏல், கசப்பும் மணமும் தூக்கலான பீர்) அமெரிக்காவில் பெருகியபோது 2018இல் அதற்குத் தனி இலக்கணம் எழுதினார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் பெரும் பீர் விழாவில் மிக அதிகமாகப் போட்டியாளர்கள் குவிந்த வகையே அதுதான்.

வகையின் பெயர்களில் “பாணி” என்ற சொல் ஒட்டிக்கொண்டே வரும். ஜெர்மனியின் கொலோன் நகரில் வடித்தால்தான் ஒரு பீரைக் “கெல்ஷ்” என்று சொல்லிக்கொள்ளலாம், ஐரோப்பியச் சட்டம் அந்தப் பெயரைக் காக்கிறது. திருநெல்வேலி அல்வா மாதிரி. ஆனால் போட்டியில் “கெல்ஷ் பாணி” என்று வகை இருப்பதால் கலிஃபோர்னியாக்காரர்களும் ஜப்பான்காரர்களும் அதில் நிற்கலாம், வெல்லவும் செய்யலாம்.

இந்த இலக்கணத்தால் ஒரு வேடிக்கை நடக்கிறது. ஒரே மணம் ஒரு வகையில் குற்றம், அடுத்த வகையில் கட்டாயம். கோதுமை பீரில் பழுத்த வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் வரவேண்டும், வராவிட்டால் அது பவேரியக் கோதுமை பீரே இல்லை. அதே கிராம்பு மணம் லாகரில் (நம்மூர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் தெளிவான பீர் வகை) வந்தால் தொட்டியில் வேண்டாத ஈஸ்ட், அதாவது பீரை நொதிக்கவைக்கும் நுண்ணுயிர், புகுந்துவிட்டது என்று பொருள், கோப்பையை நகர்த்தி வைத்துவிடுவார்கள். வெண்ணெய் மணமும் அப்படித்தான். டையசெட்டைல் என்ற பொருளால் வருவது அது. லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இருந்தாலே பழகிய மூக்கு பிடித்துவிடும். பெரும்பாலான லாகர்களில் குற்றம். செக் பில்ஸ்னரில் மட்டும் லேசாக இருந்தால் மன்னிப்பு உண்டு, அந்த ஊர் மரபே அப்படி என்பதால்.

இங்கேதான் என் அவமானம் வருகிறது. பெங்களூரில் ஒரு சிறிய பீர் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். எங்கள் கோதுமை பீர் உள்ளூரில் நன்றாக ஓடியது. சனிக்கிழமை இரவில் குடம் குடமாகப் போகும். அந்தத் தைரியத்தில் ஒரு வெளிநாட்டுப் போட்டிக்கு, பவேரியப் பாணிக் கோதுமை பீர் என்று எழுதி அனுப்பினோம். பதக்கம் வரவில்லை, நடுவர்களின் குறிப்புத்தாள் வந்தது. “சுத்தமான, இனிமையான பீர். வாழைப்பழம் உண்டு. கிராம்பு எங்கே?” அவ்வளவுதான். முதல் சுற்றோடு சரி.

கிராம்பு ஏன் வரவில்லை என்பதும் தெரிந்த கதைதான். முளைகட்டிய கோதுமையையும் பார்லியையும் வெந்நீரில் ஊறவைக்கும்போது 45 டிகிரிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க வேண்டும். அப்போது தானியத்திலிருந்து ஃபெருலிக் அமிலம் வெளியே வரும், அதை ஈஸ்ட் கிராம்பு மணமாக மாற்றும். எங்கள் ஆலையில் நேரம் மிச்சம் பிடிக்க அந்தப் படியைத் தாண்டிக்கொண்டிருந்தோம். அதே பீரை அமெரிக்கப் பாணிக் கோதுமை பீர் என்ற வகையில் போட்டிருந்தால், அங்கே கிராம்பும் வாழைப்பழமும் எதிர்பார்ப்பே இல்லை. அதற்கு எங்கள் வாழைப்பழம் உதைத்திருக்கும்! இரண்டு வகைக்கும் நடுவே அந்தரத்தில் தொங்கியது எங்கள் பீர். குடித்தவர்களுக்குப் பிடித்திருந்தது என்பது உண்மை, தோற்றதும் நியாயம். இரண்டும் ஒரே நேரத்தில் சரி என்று ஏற்றுக்கொள்ள எங்கள் முதலாளிக்குத்தான் ஒரு மாதம் ஆயிற்று.

நடுவர் மேசைக்கு வருவோம். அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பலர் ஒரு விருந்து போலக் கற்பனை செய்துகொள்கிறார்கள். பார்த்தால் தேர்வுக்கூடம் மாதிரி இருக்கும்.

மேசைக்கு ஐந்தாறு பேர். பெரும்பாலும் ஆலைகளில் பீர் வடிப்பவர்கள், பரிசோதனைக்கூடக்காரர்கள், பீர் பற்றி எழுதுகிறவர்கள். தன் ஆலை பீர் நிற்கும் வகைக்கு அவர் நடுவராக உட்காரக்கூடாது. வாசனைத் திரவியம் பூசி வரக்கூடாது. பாட்டில்கள் வேறோர் இடத்தில் இருக்கும், உதவியாளர்கள் அங்கேயே சின்னச் சின்னக் கோப்பைகளில் ஊற்றி எண் மட்டும் ஒட்டிக் கொண்டுவருவார்கள். எந்த நாடு, எந்த ஆலை, என்ன விலை எதுவும் தெரியாது. ஒரு சுற்றில் பத்துப் பன்னிரண்டு பீர். முதலில் மூக்கு. ஊற்றிய சில நிமிடங்களில் மணம் ஓடிவிடும் என்பதால் எல்லாவற்றையும் வரிசையாக முகர்ந்துவிட்டு, பிறகுதான் குடிப்பார்கள். நடுவில் தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட்.

ஒயின் நடுவர்கள் துப்புவார்கள். பீர் நடுவர்கள் விழுங்குவார்கள். பீரின் கசப்பு எவ்வளவு நேரம் தங்குகிறது, தொண்டைக்குள் போனபின் மூக்கின் பின்வழியாக என்ன மணம் ஏறிவருகிறது என்பது விழுங்கினால்தான் தெரியும். அதனால் இரண்டு வாய், மூன்று வாய்தான். அதற்கு மேல் குடிப்பவரை அடுத்த ஆண்டு கூப்பிடமாட்டார்கள்.

தொடக்கச் சுற்றுகளில் ஒவ்வொருவரும் பேசாமல் குறிப்பு எழுதுவார்கள். அந்தத் தாள்கள்தான் பின்னால் ஆலைக்குப் போகும், எங்களுக்கு வந்தது போல. பிறகு பேச்சு. எந்த மூன்று பீர் அடுத்த சுற்றுக்குப் போவது என்று ஒருமித்த முடிவுக்கு வரவேண்டும். உலக பீர் கோப்பையில் மதிப்பெண் கூட்டிப் பார்ப்பதில்லை, பேசித்தான் முடிவு. கடைசிச் சுற்றில் மிஞ்சுகிற பீர்களில் பெரிதாகக் குறை எதுவும் இருக்காது. அப்போது பேச்சு “இது நல்ல பீர், ஆனால் இந்த வகைக்குக் கொஞ்சம் இனிப்புத் தூக்கல்” என்ற அளவுக்கு நுணுக்கமாகிவிடும். தங்கத்துக்கு அவர்கள் எழுதிவைத்திருக்கும் விளக்கமும் இதையேதான் சொல்கிறது: குறிப்பிட்ட வகையைத் துல்லியமாக எடுத்துக்காட்டும் உலகத்தரமான பீர். வெள்ளி என்றால் அந்த இலக்கணத்திலிருந்து நூலளவு விலகல். வெண்கலம் என்றால் சுவையிலோ மணத்திலோ தோற்றத்திலோ சின்னக் குறையும் இருக்கலாம்.

அவர்கள் தேடும் குறைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும், நீங்கள் குடிக்கும்போதும் உதவும். வேகவைத்த மக்காச்சோள வாசம் வந்தால், பார்லிச் சாற்றைக் கொதிக்கவைத்தபோது ஆவியைச் சரியாக வெளியே விடவில்லை. பச்சை ஆப்பிள் தோல் போல இருந்தால் ஈஸ்ட் வேலையை முடிக்குமுன் பிடித்துவிட்டார்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் என்றால் பீர் பழையது அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கிறது. மருத்துவமனைப் பிளாஸ்திரி மணம் வந்தால் தண்ணீரில் இருந்த குளோரின்தான் பெரும்பாலும் காரணம். இன்னொன்று, பூண்டும் கருகிய ரப்பரும் கலந்தாற்போல ஒரு நாற்றம். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவில் இருக்கும் கசப்புப் பொருள்மேல் வெளிச்சம் பட்டால் சில நிமிடங்களிலேயே அது பிறந்துவிடும். பழுப்புப் பாட்டில் அந்த வெளிச்சத்தைப் பெருமளவு தடுக்கும், பச்சைப் பாட்டில் அவ்வளவாகத் தடுக்காது, வெள்ளைப் பாட்டில் தடுக்கவே தடுக்காது. பச்சைப் பாட்டில் பீர் “வேற மாதிரி டேஸ்ட்” என்று நம்மில் சிலர் சிலாகிப்பது பல நேரம் இந்தக் குறையைத்தான்.

நடுவர்களைப் பழக்குவதும் இப்படித்தான். குறையில்லாத சாதா லாகரில் ஒவ்வொரு குறைக்கும் உரிய பொருளை அளந்து கலந்து கொடுத்துப் பெயர் சொல்லச் சொல்வார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு அட்டைப்பெட்டி வாசத்தைப் பத்தடி தூரத்திலேயே பிடிக்கும் மூக்கு. வெண்ணெய் மணத்தை மட்டும் எத்தனை மடங்கு கூட்டினாலும் தெரியாது. பிறவியிலேயே அப்படிச் சிலருக்கு உண்டு. மேசைக்கு ஒருவர் போதாமல் ஐந்தாறு பேரை உட்காரவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே இடத்தில் பெரிய கம்பெனிகளுக்காகவும் ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன். நூறு வகையில் அமெரிக்க லைட் லாகர் என்றும் ஒன்று உண்டு. பட்வைசர், கூர்ஸ், மில்லர் குடும்பத்துப் பீர்கள் நிற்கும் இடம். கைவினை பீர்க்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. வறுத்த மால்ட்டும் (முளைகட்டிய தானியம்) ஹாப்ஸும் கொட்டிய ஸ்டவுட்டில் ஒரு சின்னக் குறையை ஒளித்துவிடலாம். தண்ணீர் போல இருக்கும் லைட் லாகரில் ஒளிக்க இடமே இல்லை. வெறும் சோற்றில் கல் இருந்தால் உடனே பல்லில் படும், பிரியாணியில் தப்பிவிடும். தண்ணீர் போன்ற அந்தப் பீரை ஒரு நாட்டின் நாலு மூலையிலும் ஒரே மாதிரி வடிப்பது சாதாரண வித்தையில்லை.

எல்லாப் போட்டியும் இப்படி நடப்பதில்லை, உங்கள் பாட்டிலின் நாலு பதக்கங்களைப் புரிந்துகொள்ள இது முக்கியம். பதக்கம் தரும் முறை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, மேலே சொன்னது போல வகைக்கு மூன்றே மூன்று. யூரோப்பியன் பீர் ஸ்டாரும் அந்த முறைதான். 2004இல் ஜெர்மானியத் தனியார் ஆலைகளின் சங்கம் தொடங்கியது அது. தங்கம் வாங்கிய பீர்களைப் பீர்த் தொழில் கண்காட்சிக்கு வரும் பார்வையாளர்களிடம் கொடுத்து அவர்களுக்குப் பிடித்ததற்குத் தனிப் பரிசு தருகிறார்கள். நிபுணர் தீர்ப்பும் ஜனங்களின் நாக்கும் வேறு வேறு என்று போட்டி நடத்துகிறவர்களே ஒப்புக்கொண்ட அழகான ஏற்பாடு.

இரண்டாவது முறை, மதிப்பெண் தாண்டினால் பதக்கம். மெல்போர்ன் போட்டி இந்த ரகம். இத்தனை பேருக்குத்தான் தங்கம் என்ற வரம்பு இல்லை, தங்கத்துக்குரிய மதிப்பெண்ணை எட்டிய எல்லாருக்கும் தங்கம். பிரஸ்ஸல்ஸில் 1961 முதல் நடக்கும் மோந்த் செலெக்சியோனும் அப்படித்தான். அங்கே பீர் மட்டுமில்லை, பிஸ்கட், சாக்லேட், தண்ணீர், சோப்பு வகையறாவும் பதக்கத்துக்கு வரும். அதைப் போட்டி என்பதைவிடத் தரச்சான்று என்று சொல்வது பொருத்தம். அங்கே ஒரு பீர் இன்னொரு பீரைத் தோற்கடிப்பதில்லை. பள்ளியில் முதல் ரேங்க் எடுப்பதற்கும் டிஸ்டிங்ஷன் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். டிஸ்டிங்ஷன் கேவலம் இல்லை. ஆனால் டிஸ்டிங்ஷன் எடுத்துவிட்டு முதல் ரேங்க் என்று ஊரெல்லாம் சொன்னால் நியாயமா?

அப்படிச் சொன்னவர்கள் உண்டு. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் பீர்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டியவர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி வெண்கலப் பதக்கம், முதலிடம் என்று தனியாக ஒன்றும் இல்லை. ஆனால் யாருக்கு அதிக மதிப்பெண் என்பதில் மில்வாக்கியின் பாப்ஸ்ட் ஆலைக்கும் செயின்ட் லூயிஸின் அன்ஹாய்சர்-புஷ் ஆலைக்கும் பெரிய சண்டை. அடால்ஃபஸ் புஷ் தீர்ப்பை ஏற்கவே மாட்டேன் என்று மேல்முறையீடு மேல்முறையீடாகப் போனார். பாப்ஸ்ட் என்ன செய்தது தெரியுமா? 1882 முதலே தன் உயர்ரக பீர் பாட்டில் கழுத்தில் நீலப் பட்டு நாடா கட்டி விற்றுவந்தது. கண்காட்சி முடிந்ததும் அந்த நீல நாடாவையே வெற்றிச் சின்னம் போல முன்னிறுத்திப் பீரின் பெயரிலும் சேர்த்துக்கொண்டது. பாப்ஸ்ட் புளூ ரிப்பன் லேபிளில் 1893இல் அமெரிக்காவின் சிறந்ததாகத் தேர்வானது என்ற வரி நீண்ட காலமாக ஓடுகிறது. நாடா முதலில் வந்தது, விருது பிறகு வந்தது.

உலக பீர் கோப்பையிலும் குறை சொல்ல இடம் இருக்கிறது. பெயரில் உலகம் இருந்தாலும் பாதிக்கு மேல் பதக்கம் அமெரிக்க ஆலைகளுக்கே போகிறது. சதி ஒன்றும் இல்லை. அனுப்புகிறவர்களில் பெரும்பான்மை அவர்கள்தான், வகைகளை எழுதியவர்களும் அவர்கள்தான். இன்னொன்று தூரம். ஐபிஏ போன்ற பீரின் உயிரே ஹாப்ஸின் புத்தம்புது மணம். ஆலைக்குப் பக்கத்தில் போட்டி நடந்தால் போன வாரம் அடைத்த பீரைக் குளிர்வண்டியில் அனுப்பலாம். கப்பலிலும் சுங்கக் கிடங்கிலும் வாரக்கணக்கில் கிடந்து வந்த பீர், வாசலிலேயே பாதி தோற்றுவிடுகிறது. நுழைவுக் கட்டணமும் ஒரு பீருக்கு நூறு டாலருக்கு மேல். அனுப்புகிற செலவையும் சேர்த்தால் சின்ன ஆலைகள் யோசிக்கத்தான் செய்யும். உலகின் அருமையான பீர்களில் பல, எந்தப் போட்டிக்கும் போவதே இல்லை.

பதக்கத்தைவிடப் பெரிய மரியாதை ஒன்று உண்டு, நமக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கே அது கிடைத்தது. 1849இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், பின்னால் ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைத் தேடிப் போனவர், இலங்கையின் நுவரெலியாவில் ஓர் ஆலை தொடங்கினார். அந்த மரபில் வந்ததுதான் லயன் ஸ்டவுட். மலைமேல் நீரூற்றுத் தண்ணீர், கப்பலில் வந்த மால்ட், ஹாப்ஸ். ஆலை பின்னர் கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவுக்கு இறங்கிவந்துவிட்டது. கன்னங்கரேல் என்று, கருப்பட்டியும் சாக்லேட்டும் கலந்தாற்போல, 8 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹாலோடு இருக்கும். பீர் வகைகள் என்ற சிந்தனையையே 1977இல் தன் நூலின் வழியாகப் பரப்பிய எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை, அதே பெயருள்ள யார்க்ஷயர்க்காரர்) இலங்கைக்குப் போய் அதைக் குடித்துவிட்டு உலகத்துக்குச் சொன்னார்.

பிறகு நடந்ததுதான் விசேஷம். அமெரிக்காவில் 1985 முதல் பீர் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் அமைப்பு ஒன்று இருக்கிறது. வீட்டில் வடிப்போருக்கான போட்டிகள் பெரும்பாலும் அதன் விதிப்படிதான் நடக்கும். ஐம்பது மதிப்பெண்ணில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் நிற்கும் தன்மைக்கு 5, மொத்த அனுபவத்துக்கு 10. (தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பதைக் கவனியுங்கள், விளம்பரத்தில் பொன்னிறத்தையும் நுரையையும் காட்டிக் காசு பார்க்கிறவர்கள் நொந்துபோவார்கள்.) அந்த அமைப்பு 2015இல் தன் இலக்கணத்தைத் திருத்தியபோது வெப்பமண்டல ஸ்டவுட் என்று ஒரு வகையைத் தனியாகப் பிரித்தது. வெயில் நாடுகளில் வடிக்கும் இனிப்பான, கனமான கறுப்பு பீர்களுக்காக. இந்த வகை எப்படி இருக்கவேண்டும் என்று தெரிந்துகொள்ள எடுத்துக்காட்டாகக் குடித்துப் பார்க்கவேண்டியவை என்ற பட்டியலில் ஜமைக்காவின் டிராகன் ஸ்டவுட்டோடு இலங்கையின் லயன் ஸ்டவுட்டும் இருக்கிறது. யாரோ ஓர் அமெரிக்கர் தன் வீட்டுக் கொல்லையில் கறுப்பு பீர் வடித்துப் போட்டிக்கு அனுப்பினால், நடுவர் மனதில் இருக்கும் அளவுகோல் இலங்கையில் வடித்த பீர்.

இனி உங்கள் பாட்டில். கைப்பேசிக் கேமராவில் அந்தப் பதக்கப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். போட்டியின் பெயரும் ஆண்டும் வகையும் இருந்தால் நல்லது. வகைக்கு மூன்று பேருக்கு மட்டும் கொடுக்கும் போட்டியில், அண்மை ஆண்டுகளில் வாங்கியது என்றால் அதை வடித்தவர்களுக்குத் தொழில் தெரியும் என்று நம்பலாம். ஒரே வட்டத்துக்குள் பொன்னிறக் கோதுமைக் கதிரும் “தங்கம்” என்ற சொல்லும் மட்டும் இருந்து, யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது எதுவும் இல்லாவிட்டால் அதை அச்சடித்தவருக்குத்தான் பதக்கம். நாலும் நாலு வெவ்வேறு ஆண்டுகளாக இருந்தால் கூடுதல் மரியாதை கொடுங்கள். ஒரு முறை நல்ல பீர் வடிப்பது வேறு, ஆண்டுக்கு ஆண்டு அதையே வடிப்பது வேறு. கலிஃபோர்னியாவின் ஃபயர்ஸ்டோன் வாக்கர் ஆலையின் பீவோ பில்ஸ் அமெரிக்காவின் பெரும் பீர் விழாவில் 2013, 2014, 2015 என்று தொடர்ந்து மூன்று முறை ஜெர்மானியப் பில்ஸ்னர் வகையில் தங்கம் எடுத்தபோது எங்கள் தொழிலில் இருந்தவர்கள் வாயைப் பிளந்ததற்குக் காரணம் அதுதான்.

பதக்கங்களைப் பார்த்து முடித்ததும் பாட்டிலைத் திருப்பி, அடைத்த தேதியையும் பாருங்கள். நடுவர் குடித்தது குளிரில் வைத்த புதுப் பாட்டில். உங்கள் நண்பருடையது ஆறு மாதம் பழையதாகி, விமானத்தில் பெட்டிக்குள் வந்து, சித்திரை வெயிலில் ஒரு வாரம் அலமாரியில் நின்றிருந்தால், நாலு தங்கத்துக்கும் நனைந்த அட்டைப்பெட்டி வாசம்தான் அடிக்கும். கறுப்பு பீராக இருந்தால் தப்பித்தீர்கள், அது கொஞ்சம் தாங்கும். ஐபிஏ என்றால் இன்றைக்கே ஃபிரிட்ஜில் வையுங்கள்.